மேஸ்திரியை மலையில் விட்டுவிட்டு வந்த கதை

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் இருக்கும் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், ஓடுகிற பஸ்ஸில் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டே எழுதிப் பழகிய கை இந்தத் தெருவில் வேறு யாருக்கு இருக்கிறது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், மூன்றாவது ஆளுக்கு மட்டும் கொஞ்சம் இருமல், அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன், பாதியில் பதறாதே. குட்டியாக இருந்தபோதே யார் என்ன வேலை செய்தாலும் எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறது என்று அந்த நாய்க்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாயே, இப்போதும் என் காலடியில் படுத்துக்கொண்டு நான் பேனா பிடிக்கும் லட்சணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீ சௌக்கியம் என்பது எனக்குத் தெரியும். நீ போன் பண்ணும்போது உன் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் காய் நறுக்குகிறாள், நான் எதிரில் உட்கார்ந்து மேஸ்திரிக்கு உண்ணி எடுக்கிறேன். ஒரு நாய்க்கு இவ்வளவு உண்ணி இருக்க வாய்ப்பே இல்லை என்று உன் அம்மா சொல்லிவிட்டாள், இருந்தாலும் எடுக்கிறேன். மூன்று மாதமாக இப்படித்தான். உன் ஆஸ்பத்திரியில் வேலையை நிரந்தரமாக்குகிறார்கள், இனி அங்கேயே இருந்துவிடலாம் என்று இருக்கிறேன், நீங்க என்னப்பா சொல்றீங்க என்று நீ கேட்ட அன்று, ‘இருந்துக்கோ, இங்க யாரும் உனக்காகக் காத்துக்கிட்டு இல்ல’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேனே, அதிலிருந்து உன் குரலுக்கு நேராக நிற்க எனக்கு முகமில்லை. போனிலேயே பேசலாம்தான். ஆனால் என் வாய் எனக்கு முன்னால் ஓடுகிற சாதி, காகிதத்தில் என்றால் அடித்துத் திருத்தலாம். ஏற்கெனவே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, அதையும் மேஸ்திரிதான் மென்றுகொண்டிருக்கிறான்.

மலைக்குப் போகலாம் என்றது உன் அம்மா. ஒரு மத்தியானம் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ‘ரெண்டு மனுசங்க, ஒரு நாய், மூணு பேரும் பொழுது விடிஞ்சா பொழுது போனா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம், வாசலுக்கு வெளிய ஒரு உலகம் இருக்காம், அதையும்தான் பாப்போமே, கெளம்புங்க’ என்றாள். யார் வாசலைப் பார்க்கிறார்கள், நான் பேப்பர் பார்க்கிறேன் என்றேன். ‘நேத்து பேப்பரையா’ என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்கு என்ன புதிதா. அவள் கார் ஓட்டுகிற அழகை நீ நேரில் பார்த்ததில்லை, நீ போன பிறகுதானே கற்றுக்கொண்டாள். முப்பது வருஷம் பஸ்ஸில் போய் வந்தவன் நான் ஒரு நாள்கூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, அதில் எனக்கு வெட்கமும் இல்லை, ஓட்டுகிறவர் ஓட்டுநர், நடத்துகிறவர் நடத்துநர், ஓட்டுவது பெரிதா நடத்துவது பெரிதா என்று நீயே யோசித்துப் பார். ஆனால் உன் அம்மாவுக்குக் கண்ணாடியைப் பார்த்து வண்டி எடுப்பதில் ஆரம்பத்தில் பயம் இருந்தது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம், நான் பின்னால் பார்த்து, கதவைப் பார்த்து, ஆட்களை எண்ணி, ‘ரைட்’ என்று குரல் கொடுத்தால்தான் அவள் கிளட்சை விடுவாள். பயம் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் ரைட் சொல்லாமல் நம் வீட்டுக் கார் ஒரு அங்குலம் நகராது, ரைட் சொல்லிவிட்டால் முன்னால் சுவரே இருந்தாலும் நகரும். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்.

இன்னொரு வார்த்தையும் இருக்கிறது, அது நீ பண்ணிய வேலை. சின்ன வயதில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று நீ கத்தினால் உன் அம்மா வாசல் வரை துரத்திக்கொண்டு வந்து, ‘போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வரேன்னு சொல்லு’ என்று சொல்ல வைத்துத்தான் விடுவாள். அந்தத் தொல்லையை நீ அப்படியே நாய்க்கு இறக்கிவிட்டாய். ‘போயிட்டு வரேன்’ என்றால் எந்த இடத்தில் நிற்கிறானோ அங்கேயே உட்கார வேண்டும், சொன்ன ஆள் திரும்பி வந்து தன் வாயால் ‘வந்துட்டேன்’ என்று சொன்னால்தான் எழுந்திருக்க வேண்டும். படிப்பில் காட்டாத கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் அதில் காட்டினாய். நீ ஊரை விட்டுக் கிளம்பின அன்று கேட்டில் நின்று அவன் தலையைத் தடவினாய், பழக்கதோஷம், ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டாய். உன்னை ஏற்றிவிட்டு நாங்கள் திரும்பி வந்து பார்த்தால் கேட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். நான் வந்துட்டேன் என்றேன், உன் அம்மா வந்துட்டேன் என்றாள், பக்கத்து வீட்டுத் தையல்காரர்கூட வந்து ‘வந்துட்டேன்’ என்று சொல்லிப் பார்த்தார், அந்த மனுஷன் எங்கேயும் போகவே இல்லை. கடைசியில் நீ இறங்கிப் போன் பண்ணியபோது உன்னைச் சொல்ல வைத்து அவன் காதில் பிடித்தோம். எழுந்தான். எழுந்தவன் உன் அறை, கட்டிலடி, மாடிப்படி, குளியலறை எல்லாம் ஓடி ஓடி உன்னைத் தேடினான் பார், அதை உனக்கு அப்போது சொல்லவில்லை. அதிலிருந்து இந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையை வாயில் எடுப்பதில்லை. கடைக்குப் போனால் நான் ‘கடை’ என்பேன், அவள் ‘ம்’ என்பாள், ரகசியப் போலீஸ் மாதிரி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சரி, மலைக்கு வருகிறேன். முதல் வளைவிலேயே மேஸ்திரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பின்சீட்டு அவ்வளவு பெரிதாக இருக்கும்போது அவனுக்குக் கிடைத்தது நான் கழற்றி வைத்திருந்த என் புது ஷூ. அதற்குப் பிறகு உன் அம்மாவின் காப்பிக்கலர் கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டான், அதற்குள் இருந்தால் வளைவு தெரியாது என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. நான் வெறுங்காலோடு வந்தேன். உன் அம்மா இரண்டாவது கியரை விட்டு இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. எங்களுக்குப் பின்னால் லாரி, வேன், மோட்டார் சைக்கிள் என்று ஒரு ஊர்வலமே வந்தது. ஒரு லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ‘அண்ணே, கல்யாண ஊர்வலமா, கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லுங்க’ என்றார். உன் அம்மா கண்ணாடியைப் பார்க்காமலேயே, ‘அவசரமா இருந்தா பறந்து போகச் சொல்லுங்க, மலை எங்கயும் ஓடிடாது’ என்றாள். நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக் கதவைத் தட்டித் தட்டி, வரலாம் வரலாம், ஓரம் கட்டு, போ போ என்று எல்லா வண்டியையும் அனுப்பிவைத்தேன். அத்தனை நாள் கழித்து என் குரல் ரோட்டில் எடுபட்டது, எனக்கு என்னவோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உன் அம்மாவும் சிரித்தாள். அந்த மூன்று மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான், அதோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பாதி மலையில், வளைவை ஒட்டினாற்போல் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. இறங்கினோம். மேஸ்திரியையும் இறக்கி, மைல்கல்லைக் காட்டி, அவன் வேலையை முடித்துக்கொள்ள விட்டேன். டீக்கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர், நானும் சளைத்தவனா, அவருக்கு என் சர்வீஸ் கதை முழுவதையும் சொன்னேன். முப்பது வருஷத்தில் ஒரு ஆளைக்கூட ஸ்டாப்பில் விட்டுவிட்டு விசில் ஊதினது கிடையாது, டீ குடிக்கப் போனவர், ஓரமாக ஒதுங்கப் போனவர், எல்லாரும் ஏறி உட்கார்ந்தால்தான் வண்டி எடுப்பேன் என்று மார்தட்டிக்கொண்டேன். அந்த வாய்க்குச் சூடு போட்டால் என்ன. உன் அம்மா போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பி வைத்திருந்தாள். நான் கதவைத் திறந்தேன், மனுஷர் இவ்வளவு நேரம் பேசியிருக்கிறார், மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா, ‘அப்ப நாங்க போயிட்டு வரேன்’ என்றேன். நாங்க என்று ஆரம்பித்து வரேன் என்று முடித்தேன், அது இலக்கணப்பிழை மட்டுமாக இருந்திருக்கக்கூடாதா. அவர், ‘மேல ரோடு ரெண்டாப் பிரியும் சார், அதுல ரைட்’ என்றார். நான் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று உரக்க, ‘ரைட்டா?’ என்றேன். அவ்வளவுதான், உன் அம்மா கிளட்சை விட்டுவிட்டாள். எனக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் ரோட்டில். இந்த வயதில், வெறுங்காலோடு, தொங்கிக்கொண்டே நாலு எட்டு ஓடி, ஒரே தாவலில் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘பாத்தியா, ஓடுற வண்டில ஏறினேன், இன்னும் அந்த உடம்பு இருக்கு’ என்று அவளிடம் பெருமை அடித்துக்கொண்டேனே தவிர, பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம் ஒரு தாவலில் போயிற்று.

பின்சீட்டில் கம்பளி குவிந்துதான் கிடந்தது. நாங்கள் இருவரும் அதை மேஸ்திரி என்றே நினைத்துக்கொண்டு போனோம். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் திரும்பாமலேயே தோளுக்கு மேல் போட்டேன். ‘இப்ப சத்தமே இல்ல பாரு, மலைக்காத்துப் பட்டதும் புத்தி வந்துடுச்சு’ என்றேன். ‘உங்களுக்கும் வரும், ஜன்னலைத் திறந்து வைங்க’ என்றாள். அவள் ஒரு தடவை கம்பளியைத் திட்டக்கூடத் திட்டினாள், ‘என்னடா நாத்தம், வீட்டுக்குப் போனதும் உன்னைக் குளிப்பாட்டுறேன்’ என்று. அது என் ஷூ. இப்படியே மேலே வனத்துறைச் சாவடி வரை போய்விட்டோம். அங்கே காவலர் ஒருவர் குனிந்து, ‘எத்தனை பேர் சார்’ என்று கேட்டார். நான் நிமிர்ந்து, ‘ரெண்டு பேர், ஒரு நாய்’ என்றேன். அவர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கதவைத் திறந்து கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். ‘நாய் எங்க சார்’ என்றார். கம்பளிக்கடியில் நாயும் இல்லை, ஒன்றும் இல்லை, நான் போட்ட பிஸ்கட் சீட்டுக்கு அடியில் கிடந்தது. வேலையில் இருந்தபோது எத்தனை செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறியிருக்கிறார்கள், ஒரு தலை குறைந்தது, ஒரு தலை கூடியது என்று யாரும் என்னைச் சொன்னது கிடையாது. மேஸ்திரி எங்கே இருப்பான் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை வாலு. நான் சொன்ன வார்த்தை அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது.

உடனே திரும்பலாம் என்றால், பாதை குறுகல், மேலே வருகிற வண்டிகளை எல்லாம் விட்டு முடித்த பிறகுதான் கீழே போக விடுவார்களாம். கெஞ்சிப் பார்த்தேன், நானும் போக்குவரத்துக்காரன்தான் என்று சொல்லிப் பார்த்தேன். ‘அப்ப உங்களுக்கே ரூல் தெரியுமே சார்’ என்றார். டீக்கடைக்குப் போன் பண்ண நம்பர் இல்லை, இருந்தாலும் சிக்னல் இல்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மலையே இல்லை என்பது மாதிரி கொட்டியது. அதற்கப்புறம் காருக்குள் நடந்த சண்டையை எழுதினால் இந்தத் தாள் பற்றி எரியும். நீ ஏன் கிளட்சை விட்டாய் என்றேன் நான். ‘நீங்க எதுக்கு ரைட்டுன்னீங்க’ என்றாள் அவள். நான் கேள்வியாகத்தானே கேட்டேன், ரைட்டா என்று, அந்த ‘டா’ உன் காதில் விழவில்லையா என்றேன். ‘முப்பது வருஷமா உங்க வாயிலேர்ந்து கேள்வி வந்து நான் கேட்டதே இல்ல, எல்லாம் உத்தரவுதான்’ என்றாள். நான் கதவைத் திறந்துகொண்டு நடந்தே போகிறேன் என்று இறங்கினேன், அவள் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மழையில் உட்கார்ந்திருப்பான், வயசான நாய், பின்னங்கால் வேறு இழுத்துக்கொள்ளும், நான் சொன்னதை நம்பி உட்கார்ந்திருப்பான், எழுந்திருக்க மாட்டான் என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, ‘அவ இன்னும் கையெழுத்துப் போடலீங்க’ என்றாள். யார் என்றேன். ‘உங்க பொண்ணுதான். வேலையை நிரந்தரமாக்குற தாளை மேசையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மாசக் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்காளாம். அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும்மா, அவர் வேணாம்னா வந்துடுறேன், சரின்னா போடுறேன், அவர் அப்படிச் சொன்னதோட நான் எப்படிம்மா போடுவேன்னு அழுதா. ஸ்பீக்கர்ல போடாம பேசின அன்னிக்கு’ என்றாள். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். ‘நீங்களாக் கேப்பீங்கன்னு இருந்தேன்’ என்றாள்.

சாவடிக் கேட்டைத் திறந்ததும் உன் அம்மா ஓட்டினாள் பார், அதை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது கியர்க்காரியா அவள். மழையில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, லைட்டைப் போட்டு அணைத்து, ஒரு லாரியை, அதே கல்யாண ஊர்வல லாரியாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும், முந்திக்கொண்டு வந்தாள். டீக்கடையில் மேஸ்திரி இருந்தான். மைல்கல்லுக்குப் பக்கத்தில், நான் விட்ட இடத்தில், ஒரு அடி நகரவில்லை. அவன் தலைக்கு மேல் ஒரு கிழிந்த குடையை விறகுக்கட்டையில் சேர்த்துக் கட்டி நட்டுவைத்திருந்தார் டீக்கடைக்காரர், அவர் தொப்பலாக நனைந்துபோய்க் கடை ஓரம் நின்றார். ‘என்ன சார் நாய் இது. பன்னு வெச்சேன், மோந்துகூடப் பாக்கல. கயித்தைப் போட்டு உள்ள இழுத்தேன், கடிக்க வருது. உள்ள வந்து உக்காரேன்டா, உன் எசமான் வந்தா நான் சொல்றேன்னு கெஞ்சினேன், காதுலயே வாங்கல. கடைசில என் குடையை அதுக்குக் குடுத்துட்டேன்’ என்றார். நான் இறங்கிப் போய் எதிரில் நின்றேன். மேஸ்திரி என்னைப் பார்த்தான், வால் தரையிலேயே லேசாக அசைந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க மாட்டான், நான் இன்னும் சொல்லவில்லையே. உன் அம்மா ஜன்னலை இறக்கி, ‘நிக்கிறீங்களே, சொல்லுங்க, சொன்னாத்தானே எந்திரிப்பான்’ என்று கத்தினாள். ‘வந்துட்டேன்டா’ என்றேன். எழுந்திருக்கப் பார்த்தான், பின்னங்கால் மரத்துப்போய்ச் சறுக்கியது. நான் தூக்கிக்கொண்டேன். தூக்கியவுடன் உடம்பை ஒரு உதறு உதறினான், என் முகமெல்லாம் சேறு, பிறகு அந்தச் சேற்றை அவனே நக்கினான். ரோட்டிலேயே அழுதேன் வாலு. மழையாக இருந்தது நல்லதாயிற்று என்று நினைத்தேன், ஆனால் டீக்கடைக்காரர், ‘அழாதீங்க சார், நாய் நல்லாத்தான் இருக்கு’ என்றார்.

உச்சிக்குப் போகவில்லை. மலையைப் பார்க்கப் போய் ஒரு சாவடியையும் ஒரு டீக்கடையையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நான் பின்சீட்டில் அவனை மடியில் போட்டுக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அம்மா வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் எடுக்கவில்லை என்றேன். ‘நீங்க சொல்லல’ என்றாள். எண்ணினேன். அவள், நான், மேஸ்திரி. சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் ஒரு தலை குறைகிற மாதிரியே இருந்தது, திரும்பத் திரும்ப எண்ணினேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கடைசியில் ரைட் என்றேன், மெதுவாகத்தான் சொன்னேன், அவளுக்குக் கேட்டிருக்கிறது, வண்டி நகர்ந்தது. மறுநாள் நாய் டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் சளி இல்லை, இருமல் போய்விடும், ஆனால் வயசாகிவிட்டது, பின்னங்கால் இனி அவ்வளவுதான், ஈரத்தில் விடாதீர்கள் என்றார். படி ஏற முடியவில்லை, நான் தூக்கிக்கொண்டு போகிறேன். ஒரு வார்த்தையை யோசிக்காமல் விட்டதற்கு அந்த வாயில்லா ஜீவன் காலைக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அதுதான் எனக்கு நினைப்பு வருகிறது, இனி எத்தனை வருஷம் இருந்தாலும் வரும்.

உன்னிடம் சொன்னதையும் எடுத்துவிடலாம் என்றுதான் முதல் தாளில் எழுதினேன், அதை மறந்துவிடு என்று எழுதினேன், கிழித்துவிட்டேன். வாயிலிருந்து போன சொல் போனதுதான், அதற்கு எதிரில் வேறு சொல்லைத்தான் வைக்க முடியும். அன்று நான் சொன்னது பொய். இங்கே எல்லாரும் உனக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறோம், நான்தான் அதிகம், பேப்பர் என்றெல்லாம் சொல்வது சும்மா. நீ போய்விட்டு வருகிறேன் என்று சொன்னது வாய்ப்பழக்கத்துக்கு, உன் அம்மா பழக்கிவிட்டது, நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் வாசலில் உட்கார்ந்துவிட்டேன், நீ இருந்துவிடுகிறேன் என்றதும் ஏமாந்தவன் மாதிரி கத்திவிட்டேன். காத்திருப்பது எங்கள் வேலை. அதற்காக நீ நின்றுகொண்டிருக்கக் கூடாது. என் ஒரு வார்த்தைக்காக நீ மூன்று மாதமாக அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே நான் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி மாற்றியாயிற்று, இப்போது எதிரே வருகிற வண்டியின் நம்பரைக்கூடப் படித்துக்கொண்டே ஓட்டுகிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மேஸ்திரிக்கு மழைச்சட்டை ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறார், அளவு எடுக்கும்போது மேஸ்திரி அவரையும் மேற்பார்வை பார்த்தான். நீ வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். நல்ல மனிதர்கள் நடுவில், நல்ல உடம்போடு, நிறைய நாள் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும். முக்கியமாக ஒன்று, இனி போனில் நானும் பேசுவேன், வைக்கும்போது ‘வெச்சுடுறேன்’ என்று மட்டும் சொல், பழக்கத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதே, ஸ்பீக்கரில் இருக்கும், மேஸ்திரி உட்கார்ந்துவிடுவான், இந்தக் காலை வைத்துக்கொண்டு அவனால் இனி அப்படி உட்கார முடியாது. என்னாலும் முடியாது.

மாதக் கடைசிக்குள் கையெழுத்தைப் போட்டுவிடு. பின்னால் திரும்பி நன்றாகப் பார்த்துவிட்டேன், நாங்கள் எல்லாரும் இருக்கிறோம், யாரும் விட்டுப்போகவில்லை. இந்தத் தடவை கேள்வி இல்லை, உத்தரவும் இல்லை, மனசாரச் சொல்கிறேன்.

ரைட், போம்மா.

உன் அப்பா